கல்லூரிக்கு முதல் கேமிங் கணினி: என் பட்டியலில் எங்கே தப்பு?

மின்மினி:

எல்லோருக்கும் வணக்கம். இன்னும் ஆறு வாரத்தில் கல்லூரியில் சேரப் போகிறேன், கணினி அறிவியல் பிரிவு. கணினிக்கென்று வீட்டில் ஒரு தொகை ஒதுக்கித் தந்திருக்கிறார்கள். அதற்கு மேல் கேட்க எனக்கு மனம் வரவில்லை. நான்கு வருடமும் இந்த ஒரு கணினியோடுதான் ஓட்ட வேண்டும். விலை இடத்துக்கு இடம் மாறும் என்பதால் மொத்தப் பணத்தை 100 பங்காகப் பிரித்துச் சொல்கிறேன்.

ரைசன் 7 5700எக்ஸ் பிராசசருக்கு 27 பங்கு. பி450 மதர்போர்டுக்கு 13. ரேம் 8 ஜிபி, ஒரே ஸ்டிக், அதற்கு 7. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கிராபிக்ஸ் கார்டு, 4 ஜிபி, 24 பங்கு. கோப்புகளைச் சேமிக்க 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டிக்கு 11. கண்ணாடிக் கதவும் ஆறு வண்ண விசிறிகளும் உள்ள ஒரு கேபினட்டுக்கு 18 பங்கு. அதோடு 750 வாட் பவர் சப்ளையும் சேர்ந்தே வருகிறது, தனியாக வாங்க வேண்டாம். மானிட்டர் அண்ணனுடைய பழையது, 1080பி, 60 ஹெர்ட்ஸ். கீபோர்டும் மவுஸும் இருக்கின்றன.

தினமும் தோழிகளோடு வேலரண்ட், கவுண்டர்-ஸ்ட்ரைக் 2. விடுமுறையில் எல்டன் ரிங் முடிக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. இரண்டாம் வருடத்தில் இயந்திரக் கற்றல் பாடம் வரும் என்கிறார்கள். கணினியை நானே பூட்டப் போகிறேன். இதுவரை ஒரு ஸ்க்ரூ கூடக் கழற்றியதில்லை. எங்கே தப்பு செய்கிறேன் என்று தயங்காமல் சொல்லுங்கள்.


ஆய்வக அக்கா:

மின்மினி, உன் பட்டியலை இரண்டு தடவை படித்தேன். கடைசியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எனக்குப் பயம் தந்தது அந்தக் கடைசிப் பொருள்தான். கேபினட்டோடு சேர்ந்தே வரும் 750 வாட் பவர் சப்ளை.

நான் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் கணினிகளைப் பராமரிக்கும் வேலையில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். அதற்கு முன் நானும் உன்னைப் போலவே முதல் கணினியைக் கையால் பூட்டிய மாணவி. எனக்கும் கேபினட்டோடு ஒரு பவர் சப்ளை வந்தது. பெட்டியின் மேல் 500 வாட் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. கொஞ்ச நாள் நன்றாக ஓடியது. அப்புறம் கேம் விளையாடும்போது மட்டும் திடீரென்று அணைய ஆரம்பித்தது. சூடுதான் காரணம் என்று நினைத்து இரண்டு விசிறி வாங்கி மாட்டினேன். மாறவில்லை. மூன்றாம் செமஸ்டரில் ஒரு ராத்திரி டப்பென்று ஒரு சத்தம், கூடவே எரிந்த வாசனை. பவர் சப்ளையோடு மதர்போர்டும் ஹார்ட் டிஸ்க்கும் போய்விட்டன. மூன்று வாரம் உட்கார்ந்து எழுதிய ப்ராஜெக்ட் அந்த டிஸ்க்கில் இருந்தது, வேறு பிரதி எடுத்து வைக்கவில்லை.

அதற்கப்புறம்தான் அதன் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படித்தேன். 12 வோல்ட் கட்டத்தில் 18 ஆம்பியர் என்று இருந்தது. பெருக்கிப் பார், 216 வாட். பிராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் போகும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் அந்த 12 வோல்ட்டிலிருந்துதான் போகிறது. மீதி வாட்டை 3.3 வோல்ட்டிலும் 5 வோல்ட்டிலும் கணக்குக் காட்டி 500 ஆக்கியிருந்தார்கள். இன்றைய கணினி அந்த இரண்டிலிருந்தும் எடுப்பது மிகக் குறைவு.

அதனால் நீ எதை வாங்கினாலும் அந்த ஸ்டிக்கரின் படத்தை முதலில் தேடிப் பார். நல்ல 550 வாட் பவர் சப்ளையில் 12 வோல்ட்டுக்கு நேரே 45 ஆம்பியர் அளவில் இருக்கும், அதாவது 540 வாட். உனக்கு அதுவே தாராளம். 80 பிளஸ் முத்திரையைப் பார்த்தும் ஏமாறாதே. அது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் தருகிறது என்பதற்கான சான்று. உள்ளே இருக்கும் பாகங்கள் எத்தனை வருடம் தாங்கும், ஷார்ட் ஆனால் தானே துண்டித்துக்கொள்ளுமா என்பதையெல்லாம் அது சொல்லாது. பிரித்துச் சோதித்து எழுதும் விமர்சனங்கள் இருக்கின்றன, அவற்றைப் படி. உத்தரவாதம் ஐந்து வருடமாவது இருக்கட்டும்.

சரி, இப்போது கிராபிக்ஸ் கார்டு. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியை பி450 போர்டில் போடுவது உன் பட்டியலின் இரண்டாவது பெரிய தப்பு. இது ஏன் என்று புரிந்துகொண்டால் இனி எந்தக் கார்டையும் நீயே எடைபோடுவாய். கார்டும் போர்டும் தகவல் பரிமாறிக்கொள்ளும் பாதைதான் பிசிஐஇ லேன், அந்தக் கார்டில் அது நான்குதான் உண்டு. 4.0 தலைமுறைப் போர்டில் அந்த நான்கு லேனிலும் நொடிக்குச் சுமார் 8 ஜிபி போகும். பி450 போர்டு 3.0 தலைமுறை, அதில் பாதிதான், சுமார் 4 ஜிபி. கார்டின் சொந்த நினைவகம் நொடிக்கு 144 ஜிபி தரும். கேமுக்குத் தேவையான படங்கள் அந்த 4 ஜிபி நினைவகத்துக்குள் அடங்கும்வரை ஒன்றும் தெரியாது. நிரம்பி வழிந்ததும் மிச்சத்தை ரேமிலிருந்து அந்தக் குறுகலான வழியாக இழுக்க வேண்டும். அப்போதுதான் திரும்பும் இடத்தில் எல்லாம் கேம் திக்கித் திக்கி ஓடும். இன்னொன்று, திரையில் ஓடுவதை வீடியோவாக மாற்றும் என்கோடர் அந்தக் கார்டில் கிடையாது. தோழிகளோடு விளையாடுவதைப் பதிவு செய்ய நினைத்தால் பிராசசர்தான் அந்தச் சுமையைத் தாங்க வேண்டும்.

ஆர்எக்ஸ் 6600 எடு. 8 ஜிபி, எட்டு லேன், சொந்த நினைவக வேகம் நொடிக்கு 224 ஜிபி, மின் தேவை 132 வாட். 1080பிக்கு இது மிகப் பொருத்தம்.

அதற்குப் பணம் பிராசசரிலிருந்து வரும். 5700எக்ஸில் எட்டு கோர். நீ சொன்ன மூன்று கேமுக்கும் 60 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கும் ரைசன் 5 5600இன் ஆறு கோரே மிச்சம். அதோடு நீ கவனிக்காத ஒன்று: 5700எக்ஸ் பெட்டியில் கூலர் வராது, உன் பட்டியலிலும் கூலர் இல்லை. பூட்டும் நாளில்தான் தெரிய வந்திருக்கும். 5600 பெட்டியில் கூலர் இருக்கும், அதன் அடியில் வெப்பத்தைக் கடத்தும் பேஸ்ட்டும் தடவியே வரும்.

போர்டை பி550 ஆக்கு. பிசிஐஇ 4.0 அதில்தான் கிடைக்கும். பி450இல் இன்னொரு தொல்லையும் உண்டு. ரைசன் 5000 வரிசை வருவதற்கு முன் தயாரான போர்டாக இருந்தால் பயாஸை, அதாவது போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருளை, புதுப்பிக்காமல் கணினி எழும்பாது. புதுப்பிக்க வேறொரு பழைய பிராசசர் வேண்டும், அல்லது பிராசசர் இல்லாமலே பயாஸ் ஏற்றும் பொத்தான் போர்டில் இருக்க வேண்டும். முதல் தடவை பூட்டுகிறவளுக்கு அந்த அவஸ்தை வேண்டாம்.

ரேம் 16 ஜிபி, எட்டு எட்டாக இரண்டு ஸ்டிக். எல்டன் ரிங் கேட்கும் குறைந்தபட்ச ரேமே 12 ஜிபி. டிடிஆர்4 3200 ஒரு ஸ்டிக் நொடிக்கு 25.6 ஜிபி தரும், இரண்டு போட்டால் 51.2. ரைசனில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

எஸ்எஸ்டியை 500 ஜிபி ஆக்கு, விண்டோஸ் அதை 465 என்று காட்டும், பதறாதே. நீ விளையாடும் மூன்றுக்கும் போதும். பின்னாளில் இன்னொன்று சேர்ப்பது ஐந்து நிமிட வேலை. இன்று குறைத்தாலும் நாளை சுலபமாகக் கூட்டக்கூடிய பொருள் இது ஒன்றுதான், அதனால்தான் இதில் கை வைக்கச் சொல்கிறேன்.

கேபினட்டில் முன்பக்கம் கண்ணாடியா, வலையா என்று மட்டும் பார். வலை இருந்தால் இரண்டு விசிறி போதும்.

உன் கணக்கிலேயே பிரித்தால்: பிராசசர் 19, போர்டு 14, ரேம் 13, கார்டு 33, எஸ்எஸ்டி 7, பவர் சப்ளை 9, கேபினட் 5. அழகான கேபினட்டை விடச் சொல்கிறேன் என்று வருத்தம் வரும், தெரியும். அந்த ஆசை எனக்கும் இருந்தது.


பழைய சாக்கெட்:

அக்கா சொன்னதில் பவர் சப்ளையும் கார்டும் நூற்றுக்கு நூறு சரி. 5600 பிராசசர் உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த சாக்கெட் முடிந்துபோன கதை. அதற்கு அடுத்து வந்த ஏஎம்5இல் ரைசன் 5 7600 போட்டால் பிற்பாடு பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். 2027 வரையாவது அந்த சாக்கெட்டுக்கு ஆதரவு தருவதாக ஏஎம்டியே சொல்லியிருக்கிறது. 7600க்குள் சின்னதாக ஒரு கிராபிக்ஸும் இருக்கிறது, கார்டு பழுதானாலும் திரையில் படம் வரும், வீட்டுப்பாடம் நிற்காது. 5600இல் அது இல்லை. நான்கு வருடத்துக்கு வாங்குகிற பொருள் என்றால் நான் இப்படித்தான் யோசிப்பேன்.


முப்பரிமாணம்:

மின்மினி, இயந்திரக் கற்றல் என்று எழுதியதை யாரும் தொடவில்லை. பாடப் பயிற்சிகளில் பெரும்பாலானவை கிராபிக்ஸ் கார்டில் கணக்கீடுகளை ஓட்டும் என்விடியாவின் ‘கூடா’ தளத்தை நம்பி எழுதப்பட்டவை. ஏஎம்டி கார்டில் அவற்றை ஓட வைக்க முடியாது என்று இல்லை, ஆனால் பாடம் படிக்க வேண்டிய நேரம் நிறுவல் வேலையிலேயே போய்விடும். நானும் அப்படித்தான் ஒரு வாரம் இழந்தேன்.

பயன்படுத்திய என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி கிடைத்தால் அதை எடுங்கள். 170 வாட், அக்கா சொன்ன 550 வாட் பவர் சப்ளை தாங்கும். ஒன்றில் மட்டும் கவனம்: அதே 3060 பெயரில் 8 ஜிபி கார்டும் இருக்கிறது. அதில் நினைவகம் மட்டுமல்ல, நினைவகப் பாதையின் அகலமும் குறைவு, 192 பிட்டுக்குப் பதில் 128 பிட். விற்பவர் முன்னாலேயே கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் நிரலைத் திறந்து 12 ஜிபி, 192 பிட் இரண்டையும் கண்ணால் பாருங்கள். அப்புறம் கனமான ஒரு கேமை அரை மணி நேரம் ஓட விடுங்கள். திரையில் வண்ணப் புள்ளி தெரிந்தாலோ விசிறி கரகரத்தாலோ வாங்காதீர்கள். ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டி முடித்துவிடப் பார்ப்பவரிடம் வாங்கவே வேண்டாம்.


வலைத்தோழன்:

விடுதி அறை என்றால் லேப்டாப்பே நல்லது இல்லையா?


மின்மினி:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, பவர் சப்ளை கதையை அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். கேபினட்டை மாற்றச் சொல்லி இப்போது அவர்தான் என்னை அவசரப்படுத்துகிறார். கூலர் விஷயம் எனக்குச் சுத்தமாகத் தெரியாது.

லேப்டாப் பற்றி: வகுப்புக்குத் தூக்கிப் போக ஒரு பழைய லேப்டாப் இருக்கிறது, குறிப்பு எடுக்க அது போதும். அண்ணன் ஒன்று சொன்னார், ஆர்டிஎக்ஸ் 4060 என்று ஒரே பெயர் போட்டிருந்தாலும் லேப்டாப்பில் அது 35 வாட்டிலும் வரும், 115 வாட்டிலும் வரும், வேகம் அதற்கேற்ப மாறும் என்று. அதைக் கேட்டதிலிருந்து பெயரை வைத்து வாங்கப் பயமாக இருக்கிறது.

அக்கா, ஏஎம்5 பற்றியும் 3060 பற்றியும் நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? நான் அந்த இரண்டில்தான் முழிக்கிறேன்.


ஆய்வக அக்கா:

பழைய சாக்கெட் சொல்வது நியாயம்தான். பணம் இன்னும் 20 பங்கு இருந்தால் நானும் 7600 என்றே சொல்லியிருப்பேன். ஆனால் ஏஎம்5க்கு டிடிஆர்5 ரேம்தான் போட முடியும், போர்டும் விலை கூட. உன் 100 பங்குக்குள் அதைக் கொண்டு வர வேண்டுமென்றால் கார்டிலிருந்துதான் எடுக்க வேண்டும், அல்லது மறுபடியும் பவர் சப்ளையிலிருந்து. நான்கு வருடம் கழித்து வரப்போகும் பிராசசருக்காக இன்று விளையாடப் போகும் கார்டைக் குறைப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. கார்டு பழுதானால் திரையில் படம் வராது என்பது உண்மையான குறைதான். உன்னிடம் லேப்டாப் இருப்பதால் வீட்டுப்பாடம் நிற்காது.

யாராவது உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும் 5600ஜி எடுத்து, கார்டைப் பிற்பாடு வாங்கிக்கொள் என்று சொல்லலாம். என் ஆய்வகத்தில் மாணவர்கள் இதைப் பற்றித்தான் அடிக்கடி கேட்கிறார்கள். ஜி எழுத்து ஒன்றுதான் வித்தியாசம் என்று தோன்றும். பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகமான எல்3 கேஷ் 5600இல் 32 எம்பி, 5600ஜியில் 16. பிசிஐஇயும் 3.0தான், நீ பி550 போர்டு வாங்கியது வீணாகும். கார்டே வாங்கப் போவதில்லை என்கிறவர்களுக்கு அது நல்ல பிராசசர், உனக்கு இல்லை.

கார்டு விஷயத்தில் முப்பரிமாணம் சொன்னது எனக்கும் உறைத்தது. நான் கேமை மட்டும் நினைத்து எழுதிவிட்டேன். அதே 33 பங்குக்குள் நல்ல நிலையில் 3060 12 ஜிபி கிடைத்தால் எடு, அவர் சொன்ன சோதனையெல்லாம் செய்து எடு. கிடைக்காவிட்டால் அலையாதே. முதல் பாடத்துக்கான பயிற்சிகளை கூகுளின் கணினிகளிலேயே இணையம் வழியாக, கூகுள் கோலாபில், இலவசமாகவே ஓட்டலாம், அங்கே தருகிற டி4 கார்டில் 16 ஜிபி நினைவகம் இருக்கிறது. நேரக் கட்டுப்பாடு உண்டு, ஆனால் வகுப்புப் பயிற்சிக்குத் தாங்கும். உத்தரவாதம் முடிந்த கார்டுக்காக உன் பணத்தைப் பணயம் வைப்பதைவிட புது 6600உம் கோலாபும் உனக்கு நிம்மதி. முடிவு உன் கையில்.

பூட்டும்போது சில விஷயம். ஏஎம்4 பிராசசரின் அடியில் 1331 ஊசி இருக்கும். சாக்கெட்டில் அது தானாக விழுந்து உட்கார வேண்டும், விரலால் அழுத்தவே கூடாது. முக்கோணக் குறியைப் பார்த்து வை. ரேமை பிராசசரிலிருந்து இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடு. ஸ்டாண்ட்ஆஃப் எனும் பித்தளைக் கால்கள் போர்டின் ஓட்டைகளுக்கு நேராக மட்டும் இருக்கட்டும், ஓட்டை இல்லாத இடத்தில் ஒன்று நின்றாலும் போர்டு ஷார்ட் ஆகும். மானிட்டர் ஒயரைக் கார்டில் செருகு, போர்டில் அல்ல. முதல் தடவை எழும்பியதும் பயாஸில் ரேமை முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை இயக்கு, இல்லாவிட்டால் 3200 ரேம் 2400, 2666 என்று குறைந்த வேகத்திலேயே நான்கு வருடம் ஓடும், உனக்குத் தெரியவே தெரியாது. என் ஆய்வகத்துக்கு வருகிற மாணவர் கணினிகளில் நான் அதிகம் பார்ப்பது அதுதான்.

பயாஸில் இருக்கும்போதே எஃப்டிபிஎம், ‘செக்யூர் பூட்’ என்ற இரண்டு பாதுகாப்பு அமைப்புகளும் இயங்குகின்றனவா என்று பார்த்துக்கொள். விண்டோஸ் 11இல் வேலரண்ட் இரண்டையும் கேட்கும்.

விடுதிக்கு எடுத்துப் போகும்போது கார்டைக் கழற்றித் தனியாக அதன் பெட்டியில் வை. வண்டி குலுங்கும்போது அதன் எடை முழுவதும் ஒரு ஸ்லாட்டில் தொங்கும். கூலரை எப்போதாவது கழற்ற வேண்டி வந்தால் கணினியைப் பத்து நிமிடம் ஓட விட்டு, அணைத்து, சூட்டோடு மெல்லத் திருகி எடு. நேராக இழுத்தால் பேஸ்ட்டில் ஒட்டிக்கொண்டு பிராசசரும் சேர்ந்து வந்துவிடும், ஊசி வளையும்.

அப்புறம், ப்ராஜெக்ட் கோப்புகளை இரண்டு இடத்தில் வை.


மின்மினி:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். 3060 இரண்டு இடத்தில் பார்த்தேன். ஒன்று 8 ஜிபி, 12 என்று சொல்லி விற்கிறார். இன்னொருவர் அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சம்மதிக்கவில்லை. அதனால் புது ஆர்எக்ஸ் 6600. 5600, பி550, 16 ஜிபி, எல்லாம் அக்கா சொன்னபடி. பவர் சப்ளை ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேரே 45 ஆம்பியர் என்று இருப்பதை அம்மாவே படித்துச் சரி பார்த்தார்.

நேற்று மதியம் தொடங்கி ராத்திரி பூட்டி முடித்தேன். மூன்று மணி நேரம் ஆகும் என்று நினைத்தேன், ஏழு ஆனது. கேபினட்டில் நடுவில் ஒரு பித்தளைக் கால் தேவையில்லாத இடத்தில் ஏற்கெனவே மாட்டியிருந்தது. நீங்கள் சொல்லாவிட்டால் அதைக் கவனித்திருக்க மாட்டேன், அக்கா. எக்ஸ்எம்பி போடுவதற்கு முன் 2666 காட்டியது, இப்போது 3200. எல்டன் ரிங் முதல் ஒரு மணி நேரம் ஆடினேன், அந்த கேம் எப்படியும் 60 பிரேமுக்கு மேல் போகாது என்பதால் அண்ணனின் மானிட்டருக்குக் கச்சிதமாக இருக்கிறது.

ஒன்றுதான் புரியவில்லை. பொத்தானை அழுத்தினால் கணினி எழும்புகிறது, ஆனால் முன்பக்கத்து பவர் விளக்கு எரியவில்லை. கேபினட் பழுதா?


ஆய்வக அக்கா:

பழுது இல்லை. பவர் எல்இடி என்று எழுதிய சின்ன இணைப்பைக் கழற்றித் திருப்பிச் செருகு. பொத்தானின் ஒயரை எந்தப் பக்கமாகப் போட்டாலும் வேலை செய்யும். எல்இடிக்கு அப்படி இல்லை, கூட்டலும் கழித்தலும் சரியாக இருந்தால்தான் எரியும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுச் செய்.


மின்மினி:

எரிகிறது அக்கா! வெள்ளை விளக்கு.